அப்பாவுக்கு எழுதிய சனிக்கிழமைகள்

5 அக்டோபர் 1996, சனி

ஒரே வீட்டில் தங்கியிருக்கும் சிவாஜினி அக்காவுடன் இந்த ஊர் மலைக்குப் போனேன். 11-ஆம் நம்பர் பஸ். டிரைவருக்குப் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே நாலு முறை சொல்லிப் பார்த்தேன். ஏறும்போது வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அக்காதான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.

மேலே மரமெல்லாம் சிவப்பு. ஊரும் ஆறும் தெரிகிற சுவர் ஓரம் உட்கார்ந்து அக்கா கட்டி வந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனார். "பாவம், பசி வந்திட்டுது. வீட்டை ஓடுறார்" என்றாள் அக்கா.

ஸ்டாப் எண்ணிக்கொண்டே வந்தேன். எல்லாம் அப்பாவுக்காக. இருபத்தாறு வருஷமாக சாத்தூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "ஊர் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதே. எந்த நம்பர் பஸ், எத்தனை ஸ்டாப், இறங்கி என்ன சாப்பிட்டாய் என்று எழுது" என்று முதல் கடிதத்திலேயே கட்டளை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா டூட்டி முடிந்து வந்ததும் அண்ணன் சத்தமாக வாசிப்பானாம். பதிலின் கடைசியில் அப்பா கையால் நாலு வரி இருக்கும்.

புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படிக்கக் கடல் தாண்டி வந்தவள் வாரத்தில் ஒரு நாள் பஸ் ஸ்டாப் எண்ணுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

26 அக்டோபர், சனி

55-ஆம் நம்பர் பஸ்ஸில் சென் லோரான் தெரு. ஸ்மோக்ட் மீட் கடையில் வரிசை வாசலுக்கு வெளியே வரை. உள்ளே தெரியாதவர்களோடு ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார வைக்கிறார்கள். ரொட்டிக்கு நடுவில் நாலு விரல் உயரத்துக்குக் கறி. பாதி தின்ற பிறகு அக்கா மெல்லச் சொன்னாள்: "வேணி, இது மாடு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ தின்னமாட்டாய். எனக்குத் தனியத் தின்ன வெக்கம்."

மீதியையும் தின்றேன். அப்பாவுக்கு "ஆட்டுக்கறி மாதிரி ஒன்று" என்று எழுதினேன். அது பொய்தானா? மாதிரி என்றுதானே எழுதினேன்.

17 நவம்பர், ஞாயிறு

பனி. பேகல் கடை, வளையல் மாதிரி ரொட்டி. விறகு அடுப்பிலிருந்து நீளக் கட்டையால் இழுத்துப் போடுகிறார்கள். சூட்டோடு தெருவில் நின்று தின்றோம். புகைத்த மீன் வைத்து. கண்ணாடி முழுக்க ஆவி.

5 டிசம்பர், வியாழன்

அண்ணன் கடிதம். அப்பாவின் நாலு வரி இல்லை. பஸ் கதவில் மாட்டி வலது கையில் மாவுக்கட்டாம். "எழுத முடியவில்லை. கடிதத்தை ரசித்துக் கேட்டார்."

வலிக்குமே. அப்பா வலியைச் சொல்கிற ஆளும் இல்லை.

22 டிசம்பர், ஞாயிறு

ஊரில் எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன் வந்தான். "அப்பா டூட்டிக்குப் போயிருக்காரு. நீ நல்லா படி." அம்மா "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அண்ணன் போனை வாங்கிக்கொண்டான்.

மாவுக்கட்டுக் கையோடு எப்படி டிக்கெட் கிழிப்பார்? டெப்போவில் உட்காருகிற வேலை கொடுத்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

14 ஜனவரி 1997, செவ்வாய்

பொங்கல். எங்கள் சமையலறையில் பால் பொங்கியதும் புகை மணி அலறியது. மேல் வீட்டுக்காரர் ஓடி வந்து பிரெஞ்சில் கத்தினார். அக்கா ஒரு கிண்ணம் பொங்கலை அவர் கையில் கொடுத்து "மெர்சி" என்று கதவைச் சாத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

30 ஜனவரி, வியாழன்

சித்தப்பா மகள் முத்துச்செல்வி எழுதியிருக்கிறாள். பத்தாவது படிக்கிறாள். எனக்கு அவள் எழுதும் முதல் கடிதம்.

"அக்கா, எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் கிடையாது. தெருவில் எல்லார் வீட்டிலும் பானை வைத்தார்கள். நான் ஏங்கிப்போய் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அப்பா பாவம் பார்த்து ஒரு கரும்பு வாங்கித் தந்தார்."

மூன்று முறை படித்தேன்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்தான் அந்த வருஷம் பொங்கல் இல்லை. எங்களுக்குப் பங்காளி யார்? தாத்தாவுக்கு இரண்டே பிள்ளைகள். ஒருவர் கரும்பு வாங்கித் தந்திருக்கிறார். அண்ணன் கடிதம் எழுதுகிறான். அம்மாவின் குரலைக் கேட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள். பொங்கலைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அப்பா.

1 பிப்ரவரி, சனி

எந்தத் தேதி என்றுகூடத் தெரியாது. மாவுக்கட்டுக் கடிதத்துக்கு முன்னால் என்பது மட்டும் தெரியும். அதற்கு முந்தின வாரங்களில் நான் எங்கெல்லாம் போனேன், என்னவெல்லாம் தின்றேன் — யோசிக்காதே. யோசிக்காதே.

அண்ணன் ஏன் மறைக்கிறான் என்று தெரியும். ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று பயம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலைத் தாண்டியதில்லை. ஒருத்தியாவது முடிக்கட்டும் என்று எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும்.

தெரியும் என்று எழுதிவிடவா? எழுதினால் அவர்கள் கட்டிக் காத்ததெல்லாம் ஒரே நாளில் வீண். அப்புறம் டீச்சர் வீட்டு ஹாலில், நாலு பேர் முன்னால் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்.

8 பிப்ரவரி, சனி

அக்காவிடம் இன்றுதான் சொன்னேன். சபனெல் தெருத் தையல் ஆலையில் ஓவர்டைம் முடித்து வந்து காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"போனை எடு. இப்பவே எடு."

"வேணாம் அக்கா. படிப்பு முடியட்டும்."

"சண்டையிலை இடம்பெயரேக்க என்ரை அப்பா செத்தவர். எனக்கு ஆறு மாசம் ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த ஆறு மாசமும் நான் படம் பாத்துச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான். செத்ததைவிட அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. உனக்குத் தெரிஞ்சும் நடிக்கப் போறியோ?"

"அவங்களும் நடிக்கிறாங்களே."

"அப்ப ரெண்டு பக்கமும் நாடகம். ஆர் பாக்கிறது?"

அக்கா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் போட்டு மேசையில் வைத்தாள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

"அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதினேன். எழுத்து எப்போதும் போலவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. 80-ஆம் நம்பர் பஸ், பதினாலு ஸ்டாப், கிரேக்கர் கடையில் கீரை வைத்த மடிப்பு. எங்கேயும் போகவில்லை. நாள் முழுக்கப் போர்வைக்குள்தான் கிடந்தேன்.

22 பிப்ரவரி, சனி

மெட்ரோ ஸ்டேஷனில் சுற்றுலாத் துண்டுத்தாள்கள் இலவசமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து எடுத்து வந்தேன். தாவரத் தோட்டம் — கண்ணாடி வீட்டுக்குள் வாழை மரம் இருக்கிறதாம். அக்கரையில் உள்ள லொங்குய்ய்க்கு ஆற்றுக்கு அடியில் போகும் ரயில். போன மாதிரியே எழுத வருகிறது. போன நாட்களில்கூட இவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

20 மார்ச், வியாழன்

அண்ணன் கடிதம். கடைசியில் நாலு வரி.

"ஆற்றுக்கு அடியில் ரயில் என்றால் டிக்கெட் பரிசோதகர் நனையாமல் எப்படி ஏறுவார்? கட்டுப் பிரித்தாயிற்று. எழுத்து கோணல். — அப்பா."

அப்பாவின் "ழ" அச்சாக அப்படியே. அண்ணன் எத்தனை தாளில் எழுதிப் பழகினானோ. ஜோக்கும் அப்பா ஜோக்தான். படித்ததும் ஒரு நொடி — ஒரே ஒரு நொடி — முத்துச்செல்விதான் தப்பாக எழுதிவிட்டாளோ என்று நினைத்தேன்.

அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டேன்.

22 மார்ச், சனி

மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சும் தோப்புக்குப் போனதாக எழுதினேன். பனி மேல் சூடான பாகை ஊற்றிக் குச்சியில் சுற்றித் தருகிறார்கள், அவரைச் சுண்டல், ரொட்டி, ஊறுகாய். எல்லாம் வகுப்பில் ஒருத்தி சொன்னது. அவளும் அழைத்தாள். வேலை இருக்கிறது என்றேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

ஆய்வேட்டைக் கொடுத்தேன். அலுவலகத்துப் பெண் மூன்று பிரதியையும் எண்ணி முத்திரை குத்தி "போன் ஷான்ஸ்" என்று வாழ்த்தினாள். வாசலில் அக்கா நின்றாள். ஆலைக்கு லீவு போட்டிருக்கிறாள்.

"முடிஞ்சுதோ?"

"ம்."

"சனிக்கிழமை போன் எடுக்கிறாய். நான் பக்கத்திலை இருப்பன்."

"ஓம்" என்றேன். அவள் பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

19 ஏப்ரல், சனி

காலை எட்டு மணி. அங்கே சாயங்காலம். அம்மாதான் வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். வந்தாள். மூச்சு வாங்கியது. நேராகக் கேட்டேன்: "அப்பா எந்தத் தேதிம்மா?"

லைனில் இரைச்சல். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"கார்த்திகை மூணு. விடிகாலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." நிறுத்தினாள். பிறகு, "நீ தெரிஞ்சுதான் எழுதறேன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"முந்தியெல்லாம் உன் காயிதத்துல கறி இருக்கும், மீன் இருக்கும். தை கழிஞ்சதுலேருந்து ஒண்ணுல கூட கவுச்சி இல்ல. கீரைங்கற, சுண்டல்ங்கற. உங்கண்ணன் படிச்சிட்டே போறான், அவனுக்கு ஒண்ணும் தெரியல. நான் அடுப்படில இருந்து கேட்டுட்டிருந்தேன்."

நான் யோசித்து எழுதியதில்லை. ஒன்றுகூட.

"ஏம்மா சொல்லல?"

"நீயும் சொல்லலையே." அப்புறம், "நிறுத்திருவியோன்னு பயந்தேன். காயிதம் படிக்கிற அன்னைக்கு வீட்ல ஆள் இருக்க மாதிரி இருக்கும். அதுக்காக உன்னைப் பொய் எழுத வச்சேன். தப்புதான்."

நான் அழவில்லை. அம்மாவும் அழவில்லை. பக்கத்தில் சிவாஜினி அக்காதான் அழுதுகொண்டிருந்தாள்.

கார்த்திகை மூன்று — நவம்பர் 18, திங்கட்கிழமை. அங்கே விடிகாலை என்றால் இங்கே ஞாயிறு சாயங்காலம். அன்று பேகல் தின்றதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

3 மே, சனி

எங்கும் போகவில்லை. எதுவும் எழுதவில்லை.

18 மே, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. முத்துச்செல்வியிடம் சொல்லி எழுதச் செய்திருக்கிறாள். அண்ணனுக்குத் தெரியாதாம். வருஷத் திதிக்கு வந்தால் போதும், இப்போது ஓடி வராதே என்று முதல் வரி. பஸ்ஸைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு கேள்விதான்:

"அங்கே பொம்பளைகள் தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா? யாரும் ஏதும் கேட்க மாட்டார்களா? நான் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. உங்கப்பா பார்சல்தான் வாங்கி வருவார்."

அம்மா இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை கடிதத்தில் அவளிடம் நான் ஏதாவது கேட்டிருக்கிறேனா?

இன்று அக்கா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகப் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கதவு வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன். சுவர் ஓரம் அம்மா வயதில் ஒரு பெண், தனியாக, பேப்பரைச் சூப் கிண்ணத்தில் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டே சாப்பிட்டாள். நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடித்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை.

பரிமாறுகிறவள் ஏதோ கேட்டாள். புரியவில்லை, ஆமாம் என்று "வி" சொல்லிவைத்தேன். பட்டாணி சூப் வந்தது, உள்ளே பன்றிக்கறித் துணுக்குகள். எடுத்துத் தட்டில் ஓரமாக வைத்துவிட்டுக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஏரோகிராமை எடுத்து "அன்புள்ள அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தேன். சாப்பிடுகிறார்கள் அம்மா, இன்று ஒருத்தியைப் பார்த்தேன் என்று எழுதினேன். கால் மடித்ததை எழுதினேன். நான் வாசலில் திரும்பிப் போனதையும். சூப் சுமார்தான், உப்பு ஜாஸ்தி. அதையும் எழுதினேன்.