அவகாசம் உள்ளவர்கள்

புளியஞ்சள்ளை,
முதலமடை வழி.
7-5-72

அன்புள்ள மாமாவுக்கு மயிலாத்தாள் எழுதுவது.

நம் சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. நேற்றிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். கம்பம்மெட்டுக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள நீங்கள் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரில் ஏதாவது கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. வைகாசி பிறந்ததும் வந்து எங்களை அங்கே கூட்டிப் போவதாகவும், சாமான்களைக் கட்டி வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். நான் இன்னும் கட்டவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

போன திங்கட்கிழமை வில்லேஜ் ஆபீஸ் குப்பண்ணன் நம் வளவில் தண்டோரா போட்டார். ஆபீசில் எழுதிக் கொடுத்த மலையாளத்தை அப்படியே சொன்னார்: "குடிகிடப்பு அவகாசம் உள்ளவர் வெள்ளியாழ்ச்ச ஆபீசில் ஹாஜராகணம்." குடிகிடப்பு என்றால் நம்மைப் போல் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களில் நேரம் இருப்பவர்கள் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டோம். மாங்காய் பறிப்பு நடக்கும்போது யாருக்கு நேரம் இருக்கிறது? "அவகாசமா? மூச்சு உடறதுக்கே அவகாசமில்லியே" என்று நாச்சம்மாள் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மாங்காய்க் கொட்டகையில் கூடைகளுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தோம். அடிபட்ட காய்களை நாங்கள் எடுத்துப் போவது வழக்கம்தானே, புது மேஸ்திரி தர முடியாது என்றுவிட்டார். கொல்லங்கோட்டுப் பாருக்குட்டி கூடையை விடவில்லை. "இது ஞங்ஙளுடெ அவகாசமாணு" என்று கத்தினாள். அடிபட்ட காய்க்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவளிடமே கேட்டேன். உரிமையைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்களாம்.

அப்போதுதான் புரிந்தது, மாமா. நேரம் இருப்பவர்களை அல்ல, உரிமை இருப்பவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குடிசையும் சுற்றியுள்ள பத்து சென்டும் நமக்கு வேண்டும் என்று கேட்கிற நாள் அது. அப்போதே மணி இரண்டு.

ஓடிப்போய்க் குப்பண்ணனைப் பிடித்து, தமிழில் இன்னொரு தடவை தண்டோரா போடச் சொன்னேன். "உத்தரவில்லாமத் தமுக்கைத் தொட்டா என்ர வேலை போயிரும் அம்மிணி" என்றார். பிறகு தமுக்கை ஆணியில் மாட்டிவிட்டு, "வாயில சொல்றதுக்கு உத்தரவு வேண்டாமல்ல" என்று என்னோடு புறப்பட்டார். வெறும் தொண்டையால் வளவு வளவாகக் கூப்பிட்டார். ஏழு குடும்பம் சேர்ந்தோம்.

நாங்கள் போனபோது ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் முன்பே அறிவித்தாயிற்று, இனி முடியாது என்றார் ஆபீசர். குப்பண்ணன் முன்னால் போய், "சொன்னவன் நாந்தானுங்க. எனக்கே அர்த்தம் தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க" என்றார். அத்தனை பேர் நடுவில் அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆபீசர் ஜன்னலை மறுபடி திறக்கச் சொன்னார். அப்புறம் நோட்டைத் திறந்து ஏழு பேரையும் எழுதிக்கொண்டார். தமிழில் எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று கேட்டு, உரிமை என்ற சொல்லை மலையாள எழுத்தில் ஓரத்தில் குறித்தும் வைத்துக்கொண்டார்.

பதினேழாம் தேதி புதன்கிழமை அளக்க வருகிறார்கள். குடும்பத் தலைவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். நிலம் தன்னுடையது என்று தோட்டக்காரர் மறுப்புச் சொல்வார் என்கிறார்கள். சொல்லட்டும். தை மாதம் அவர் குடிசையைக் காலி செய்யச் சொன்னபோது நீங்களும் நானும் மட்டும் நின்றோம். இப்போது ஏழு குடும்பம் நிற்கிறோம்.

இந்த மண் நமக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்கு அன்றும் நான் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. வந்து கையெழுத்துப் போடுங்கள். அங்கே வருவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் எங்கே என்று ஆபீசர் கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார், அளக்கிற நாளுக்குள் வந்துவிடுவார் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். சர்க்கார் நோட்டில் ஏறியதைப் பொய்யாக்கிவிடாதீர்கள், மாமா.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம், மலைக்காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
மயிலாத்தாள்