வெளிப்பக்கம் ஐந்தடி

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த வீட்டில் எனக்கென்று யாராவது ஒரு ஆணி அடித்திருக்கிறார்களா? யோசித்துப் பார்த்தேன். என் அறைச் சுவரில் இருக்கும் ஒரே ஆணி அப்பா காலண்டர் மாட்டியது.

இந்தக் கேள்வி வரக் காரணம் தம்பி. பின்சுவரை ஒட்டி மரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கப் போகிறானாம். இரண்டு மோட்டார் சைக்கிளும் வெயிலில் காய்கின்றன. "நீயே வரைஞ்சு குடேன்க்கா. நீ அளந்தா மறுபேச்சே கிடையாது."

என்னைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இன்று வரவில்லை. மதியமே டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். ஆய்வகத்தில் பிறர் அளந்ததைச் சரிபார்த்தே இருபத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

சன்ஷேடுக்குக் கீழே, ஏழரை அடியில் சுவர்ச் சட்டம். எட்டடி தள்ளி மூன்று தூண்கள். வெளிப்பக்க உயரம் ஐந்தடி. நல்ல சரிவு.

பிப்ரவரி 15, சனி

தச்சர் வந்தார். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பிப் பிடித்து, அதற்குப் பிறகும் நம்பாமல் சுவரைப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் ஆறடி வச்சுக்கலாமேம்மா. ஆளு நிமிர்ந்து போக வேணாமா?"

"சரிவு குறைஞ்சா தண்ணி உள்ள அடிக்கும். வண்டிதானே நிக்கப் போகுது? குனிஞ்சா குறைஞ்சா போயிடுவோம்?"

தம்பி பக்கத்தில்தான் நின்றான். சிரித்தான். 

பிப்ரவரி 22, சனி

தகரத்தைத் தாங்கும் கைமரங்கள் ஏறிவிட்டன. சுவர்ச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. நேரமிருந்ததால் இன்னொரு முறையும் பார்த்தேன். (நேரம் இல்லை. ஆசைதான்.)

பிப்ரவரி 25, செவ்வாய்

தகரம் போட்ட மறுநாளே மழை. ஒரு சொட்டு உள்ளே இல்லை. தம்பி மகனுக்கு மே மாதம் கல்யாணம். வீடு முழுக்க அதே பேச்சு. சாய்ப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேனா? ஆமாம்.

மார்ச் 1, சனி

வேலை முடிந்து வந்தேன். தச்சர் சாய்ப்பின் மூன்று பக்கமும் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு எதுக்குச் சுவரு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சுத்தி அடைக்கச் சொன்னாங்கம்மா. கட்டில் போற அளவுக்கு ஒரு கதவும்."

கட்டில்.

தம்பியிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "மருமக வர்றால்ல. உன் ரூம்தான் காத்தோட்டமா இருக்கு. நீ எப்பவும் புஸ்தகமும் கையுமா தனியா இருக்கிறவதானே, அங்க இன்னும் நிம்மதி."

"உங்களுக்குன்னே கட்டினதுதான்க்கா," என்றாள் அவன் மனைவி.

"வெளிப்பக்கம் நிமிரவே முடியாதேடா!"

"குனிஞ்சா குறைஞ்சா போயிடுவோம்னு நீதானேக்கா சொன்ன?"

இருவரும் சிரித்தார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான். "நான் வரையறப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எழுந்து கை கழுவப் போனான். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

யாருக்கு என்று கேட்காமல் அளந்திருக்கிறேன். ஆய்வகத்தில் யாராவது இப்படி எழுதி வந்திருந்தால் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மார்ச் 2, ஞாயிறு

அப்பா போன பிறகும் வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. நாளை சொல்லப் போகிறேன். வாக்கியம்கூடத் தயார்: "இதில் பாதி என்னுடையது, என் அறையைக் காலி செய்ய மாட்டேன்." மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

சொல்லவில்லை.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் தம்பியும் மகனும் புத்தக அலமாரியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வெளிப்பக்கம் நிற்கவில்லை, ஆறடி அலமாரி. சுவரோரம் வைத்தார்கள். அதனால் கட்டில் தாழ்ந்த பக்கம் போயிற்று. "எழும்போது பாத்து எந்திரிங்க அத்தை" என்றான் தம்பி மகன். அக்கறையாகத்தான் சொன்னான்.

தச்சர் கதவைப் பொருத்திவிட்டுக் கேட்டார். "தாழ்ப்பா எந்தப் பக்கம்?"

"வெளியில போடுங்க," என்றாள் தம்பி மனைவி. "பகல்ல நாலு சாமான் வச்சாலும் பூட்டிக்கலாம்."

"உள்ள," என்றேன்.

அத்தனை ஒத்திகை பார்த்ததில் வாய்க்கு வந்தது அந்த ஒரு சொல்தான். தச்சர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குனிந்து உள்ளே போய் அடித்தார்.

நான்கு ஆணி.