கை நடுக்கம் நின்ற பிறகு

1-8-72, செவ்வாய்
புழுக்கம். காற்று மணலிப் பக்கமிருந்து. கொடியில் காய்ந்த துணியெல்லாம் கந்தக நாற்றம், மறுபடி அலசினேன். மண்ணெண்ணெய் தீர்ந்தது.

இவருக்கு இன்றும் கை நடுக்கம். டம்ளரைப் பிடிக்க முடியாமல் காபி லுங்கியில். அதே கையோடுதான் துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போனார். காதர் பாய் செத்து மூன்று வாரம். கயிறு அறுந்து, இவர் ஓட்டிய கிரேனில் தொங்கிய சுமை கீழே வேலையாக நின்ற பாய் மேல். இவர் மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போவதில்லை.

இதுவரை கிடைத்த யோசனைகள்: பங்குச் சாமியார் – ஜெபமாலை. மேஸ்திரி – ஒரு கிளாஸ் போடு. என் தம்பி லூர்து, அன்றைக்குக் கீழே நின்று சைகை காட்டியவன் – "ஆம்பள இதுக்கெல்லாம் ஒடிஞ்சா எப்படிக்கா? நான் வேலைக்குப் போய்க்கினு இல்ல?"

5-8, சனி
தூறல். பக்கத்து வீட்டில் கண் டாக்டர் என்று சொல்லிவிட்டு, புரசைவாக்கத்தில் மனநோய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஒரே ஒரு பேச்சு: "பைத்தியம்னு முடிவே கட்டிட்டியா?"

உள்ளே முக்கால் மணி நேரம். அழுத முகத்தோடு வந்தார். காதர் பாய் பெயரை அங்கே சொன்னாராம். வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாத்திரை. வாராவாரம் வரவேண்டும்.

20-8, ஞாயிறு
மூன்று தடவை போய்வந்தாயிற்று. தூங்குகிறார். கை நிற்கிறது. மத்தியானம் வஞ்சிரம், இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். காலையில் பூசை முடிந்து, சந்தோஷம் தாங்காமல் லூர்துவிடம் சொல்லிவிட்டேன், டாக்டர் விஷயம். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். தலையாட்டினான்.

22-8, செவ்வாய்
இவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இனி கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதவேண்டும். தலை சரியில்லாதவனிடம் கிரேனைத் தரமுடியாது என்றாராம் மேஸ்திரி, எல்லார் முன்னாலும். நடுங்கிய கையோடு அத்தனை நாள் ஓட்டினாரே, எவன் தடுத்தான்? நடுக்கம் நின்ற பிறகு இறக்குகிறார்கள்.

"யாராண்ட சொன்ன?"
"யாராண்டயும் இல்ல."
பொய். மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினார். நான் தடுக்கவில்லை. எந்த வாயோடு தடுப்பது?

27-8, ஞாயிறு
வெயில். இவர் பூசைக்கு வரவில்லை. பதினொரு மணிக்கு லூர்து, பின்பக்கமாக, நேரே அடுப்படிக்கு. மேஸ்திரியிடம் சொன்னது தான்தான் என்றான். சுமை மறுபடி விழுந்தால் கீழே நிற்பது அவன்தானாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன். அவன் போகவில்லை. பிறகு மெதுவாக:

"எனக்கும் தூக்கமே இல்லக்கா. கண்ண மூடுனா காதர் பாய் நிக்கிறாரு. அந்த டாக்டரு எங்க கீறாரு? ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"மாமா வாசல்ல குந்திகினு கீறாரு. அவராண்ட கேளு."

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். வந்த வழியாகவே போய்விட்டான்.