கம்ப்யூட்டர் ஒன்றும் விசைப்படகு இல்லை

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

தோகாவிலிருந்து ஜெபக்குமார் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவில் நம் ஜெகதாப்பட்டினம் வரும் நண்பன் அருள்தாஸிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கச்சி இனியாவின் கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க ஃபேன் வைத்த கூலரே போதும், தூசி படிந்தால் துடைத்துக்கொள்ளலாம், தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வது என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீங்களோ கடையில் நின்று, "தண்ணி ஓடாத இஞ்சின் சூடாயி சீஸ் ஆயி நின்னுரும்யா, படகு ஓட்டுற எனக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டு வாட்டர் கூலரை வாங்கி வந்தீர்கள். சரி, தொலையட்டும். கடலுக்குப் போகுமுன் படகு இஞ்சினில் தண்ணீர் பார்ப்பதுபோல, சீல் வைத்த அந்தக் கூலரின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கச் சொன்னது யார்? தண்ணீர் கொட்டி மதர்போர்டு புகைந்துவிட்டது. இனியா எடிட் செய்துகொண்டிருந்த கல்யாண வீடியோ வேலையும் கையைவிட்டுப் போய்விட்டது. இதெல்லாம் இனியா சொல்லித்தான் எனக்குத் தெரியும்; நீங்கள் என்னிடம் "லேசா ரிப்பேரு" என்கிறீர்கள்!

சின்ன வயதில் நான் படகில் ஸ்பானரைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டு, "தெரியாதத தொடாத, என்னயக் கேளு" என்பீர்கள். நானும் கேட்டுத்தான் செய்தேன். எனக்குத் தெரிந்தது இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் அப்பா. இதைக்கூட என்னிடம் கேட்கக் கூடாதா?

புது போர்டும் ஃபேன் கூலரும் அருள்தாஸிடம் இருக்கின்றன. அவன் திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. கூலரை மாட்டும்போது வீடியோ கால் போடுங்கள். இனியா வேண்டாம். நீங்களே போட்டு என்னைக் கேளுங்கள்.

ஜெபக்குமார்