மூன்றாம் எண் பதில் சொன்னது

என் அருமை மச்சான் தேவராஜுக்கு,

நம் சுரங்கத்து டிராயிங் ஆபீஸ் சர்வரின் டிஸ்க்கை நீதான் கெடுத்துவிட்டுப் போனாய் என்று சொல்லிவிட்டார்கள். கல்லறையிலிருந்து எழுந்து வந்து மறுக்க முடியாதவன் மேல் போட்ட பழி. அநியாயம் என்று அன்றைக்கே சொன்னேன். இன்று காட்டியும்விட்டேன். மனசு நிறைந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சொன்னவன் நம் செக்ஷன் தயாளன். கேன்டீனில், எல்லார் முன்னாலும். "அண்ணன் போற போக்குல சுவிட்ச்சைப் பட்டுனு அணைச்சிட்டாரு. டிஸ்க் போச்சு, அவரு வரைஞ்ச கிரேனும் போச்சு." பேச்சு ஆண்டர்சன்பேட்டையில் நம் வீடு வரை வந்தது. உன் அக்கா கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

சர்வர் முழுதாகக் கிளம்பாமல் 'ஓகே' என்று மட்டும் காட்டி நின்றது. அங்கிருந்தே ஒரு கட்டளையைத் தட்டி, எந்தெந்த எண்ணில் எந்த டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்று கேட்கலாம். மேனுவலைப் புரட்டி நானே கற்றது. தயாளனோ ஸ்குரூ டிரைவரோடு வந்தான்.

"கழட்டாதடா. மொதல்ல அதைக் கேளு."

"செத்த டிஸ்க்கை இன்னா கேக்கறது மாமா? ஆவியைக் கூப்பிடப் போறீங்களா?"

கேட்டேன். சிடி டிரைவ் ஒழுங்காகப் பதில் சொன்னது. மூன்றாம் எண்ணில் இருந்த உன் டிஸ்க் ஏதோ உளறியது. சர்வருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், புதிதாக ஒரு டிஸ்க் பெட்டி. நீ போன பிறகு தயாளன் மாட்டியது. அதன் முதுகில் இருந்த எண் சுவிட்ச்சிலும் மூன்று!

"பழசு மூணுல நல்லா ஓடுச்சே மாமா. ராசியான நம்பர்னு இதுக்கும் அதையே வெச்சேன்."

ஒரே லைனில் இரண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்டால் தபால்காரன் என்ன செய்வான்? சர்வரை அணைத்து, புதுப் பெட்டியைக் கழற்றி, மறுபடி கேட்டேன். உன் டிஸ்க் தன் பெயரையும் மாடலையும் தெளிவாகச் சொன்னது. சர்வர் கிளம்பியது. நீ பாதி வரைந்துவிட்ட கொக்கியோடு உன் கிரேன் திரையில் நின்றது. தயாளன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சிரித்திருப்பாயா, பாவம் என்றிருப்பாயா?

சுரங்கத்தை மூடுகிற பேச்சில் ஊரே கலங்கிக் கிடக்கிறது. உன் அக்கா மட்டும் இன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆனால் இது போதாது. தயாளன் அதே கேன்டீனில், அதே சத்தத்தில், தப்பு தன்னுடையது என்று சொல்ல வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து உன் அக்காவிடமும் சொல்ல வேண்டும். புதுப் பெட்டிக்கு அவன் கையாலேயே வேறு எண் வைக்க வேண்டும். உன் டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொன்ன மேனேஜர் அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். கொக்கியைப் பக்கத்து மேசை மேரி வரைந்து முடிக்க வேண்டும். வரைந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்க வேண்டும். இவர்கள் இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை ஒருவரையும் நான் விடப்போவதில்லை, மச்சான். இது சத்தியம்.

விட்டுக்கொடுக்காத,
உன் அக்கா புருஷன்