அமிர்தலிங்கம் வீட்டின் மேல் விழும் வெயில்

பெரம்பலூர்
17.7.2003

அன்பு மகன் வேல்முருகனுக்கு அம்மா எழுதுவது. சிறுவாச்சூர் காளியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், தில்லி வெயிலில் நீ வாடாமல் இருந்தால் சரி. நீ அனுப்பிய பிரெஞ்சு ஓவியர்கள் புத்தகம் வந்தது. டிராயிங் டீச்சராக இருந்தவரை நிழல் என்றால் கறுப்பு என்றுதான் எனக்குத் தெரியும், இவர்கள் நீலமும் ஊதாவும் பூசியிருக்கிறார்கள். வெட்டவெளியில் உட்கார்ந்து ஒரே இடத்தைக் காலையில் ஒரு படம், உச்சியில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் என்று வரைந்து தள்ளியிருக்கிறார்கள். பார்த்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது. எதை வரைவது என்று யோசிக்கவே இல்லை, துறையூர் ரோட்டில் அமிர்தலிங்கம் கட்டிய புது மாடி வீட்டைத்தான்.

ஏன் என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அவனே வந்து பத்திரிகை வைத்துக் கூப்பிட்டான். அப்பா பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்த பிறகு, அவன் சொந்தக்காரர் யாரோ முகம் சுளித்தார்கள் என்று, "கண்டக்டரே, நம்ம ஆளுங்க சாப்பிட்டுரட்டும், நீங்க பின்னாடி உக்காந்துக்கலாம்" என்று எழுப்பிவிட்டான். நாம் எந்தத் தெரு என்பது இலை போட்ட பிறகுதான் ஞாபகம் வந்ததாம். வீட்டுக்கு வந்து படுத்தவர்தான் அப்பா, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

அதனால் தினமும் எதிர்ப் புங்கமரத்தடியில் ஸ்டூலைப் போட்டு அவன் வீட்டையே கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்து வரைகிறேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்களே, ஆள் ஆடிப்போய்விட்டான். முதலில் வாசலில் பூசணிக்காய் கட்டினான், பிறகு நாக்குத் தள்ளிய பூத பொம்மை. அதையும் சேர்த்தே வரைந்தேன், பூசணி மேல் சாயங்கால வெயில் நன்றாக வந்திருக்கிறது. போர் மோட்டார் எரிந்தது என் கண்ணாலாம், அவன் பெண்டாட்டி வழுக்கி விழுந்ததும் என் கண்ணாலாம். "டீச்சர், ஒங்களுக்கு வேற வூடே கெடைக்கலியா?" என்று வந்து கேட்டான். "வெளிச்சம் இங்கதாங்க நல்லா வுழுது" என்றேன். ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று நம் வீட்டுக்கே வந்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நடுக்கூடத்தில் இலை போட்டு அவன் கையாலேயே அப்பாவுக்குப் பரிமாறுகிறானாம், நான் வரைவதை நிறுத்தினால் போதுமாம். நான் வாய் திறப்பதற்குள் அப்பா கட்டிலை விட்டு எழுந்து வந்தார். "சாப்பாடெல்லாம் வேணாங்க, அவ இன்னும் மழக்கால வெளிச்சத்துல வரையல" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு என் ஸ்டூலைத் தூக்கியபடி எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. நீல டியூப் தீரப்போகிறது, பெரியதாகப் பார்த்து அனுப்பு, மறந்துவிடாதே. காளியம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சவள்ளி அய்யம்பெருமாள்