பிஸ்கட் டப்பாவில் எங்கள் போன்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யோடு ஆரம்பிக்க மனசு வரவில்லை. உன் அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, எனக்கு வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் சொன்னால் மீட்டிங் இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆக வேண்டும்.

முழங்கால் வீங்கியது நடந்து நடந்துதான். விடிவதற்கு முன் வரும் முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மருந்துக் கம்பெனி பேக்கிங் வேலைக்குப் போகும் நாங்கள் அத்தனை பேரும் இப்போது பாலத்தைத் தாண்டி லாரிகள் போகிற ரோட்டோரமாக இருட்டில் நடக்கிறோம், பாதி விளக்கு எரிவதில்லை. போன வாரம் எங்களோடு நடந்துவந்த நெட்டையை ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டுப் போய்விட்டது. உனக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட்டவள், தோள் எலும்பு விலகி வீட்டில் படுத்திருக்கிறாள், சம்பளமும் கிடையாது.

பஸ் நின்றுபோன உடனேயே டிப்போவில் போய்க் கேட்டோம். எங்களிடம் இருப்பது மாத பாஸ், டிக்கெட் கிழிப்பதில்லை, அதனால் டிக்கெட் கணக்கில் நாங்கள் வருவதில்லையாம். இப்போதெல்லாம் ஜனங்கள் கையில் இருக்கும் போன் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று டவர் வழியாகப் பார்த்துத்தான் ரூட் போடுகிறார்களாம், அந்த நேரத்துக்கு இந்த ரோட்டில் யாருமே போவதில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். குமாஸ்தா சொல்லிக்கொண்டே வந்து ரிப்போர்ட் கொடுத்த ஆபீஸின் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரைத் தினமும் பஸ்ஸில் பாராயணம் பண்ணியவள் நான், என் மகள் அங்கேதான் இருக்கிறாள், ஊர் ஊருக்கு பஸ் எங்கே ஓடணும் என்று அவள்தான் சொல்கிறாள் என்று வாயெல்லாம் பல்லாக. எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "எங்க செக்‌ஷன்தாம்மா பண்ணுச்சு. ஆனா அந்த நேரத்துல அங்க ஒரு போன்கூட நகரல. டேட்டாவுல ஆளே இல்லம்மா." இத்தனை பேர் தினமும் இடித்துக்கொண்டு போனோமே, நாங்கள் என்ன பேயா பிசாசா? சரி, இப்போதாவது போய்ச் சொல் என்றேன். வாயால் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாய்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது உனக்குத் தெரியும். கேட்டில் கொடுத்த போன்கள் காணாமல் போனதும் வாட்ச்மேன் கையை விரித்ததும் உனக்குத் தெரியும். அன்று முதல் எங்கள் போன்கள் நம் பஸ் ஸ்டாப் பக்கத்துத் தையல்காரி வீட்டு பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கின்றன, காலையில் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கி வைத்துக்கொள்வாள், யாருக்கு அழைப்பு வந்தாலும் அவளே எடுத்துப் பதில் சொல்வாள். உனக்குப் பள்ளியில் காய்ச்சல் கண்டபோது என் போனை எடுத்துப் பேசியவளும் ஓடிவந்து உன்னைக் கூட்டிப்போனவளும் அவள்தான். அந்த டப்பாவில் கையை விட்டு என் போனைத் துழாவி எடுத்து விளையாடிய கை உன்னுடையது. வேறு யாராவது இந்த ரிப்போர்ட்டை எழுதியிருந்தால், பாவம் தெரியாமல் எழுதிவிட்டான் என்று விட்டிருப்பேன். உனக்குத் தெரியாது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டாய், எங்களுக்கு நிஜமாகவே இருண்டுவிட்டது.

தையல்காரி மட்டும் உனக்காகப் பரிந்து பேசினாள். "சின்னப் பொண்ணு, மறந்திருக்கும், விடுங்கக்கா" என்றாள். அதுதானடி எனக்குத் தாங்கவில்லை. கணக்குத் தப்பினால் திருத்திக்கொள்ளலாம், நீ எங்களை மறந்தல்லவா போனாய். ஆட்டோவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறாய். நான் மட்டும் ஆட்டோவில் உட்கார்ந்து, நடக்கிறவர்களைத் தாண்டிப் போகவா? அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

அடுத்த மாதம் போன்கள் நகர்வதை இன்னொரு தடவை பார்க்கப்போகிறார்கள் என்று குமாஸ்தா சொன்னார். எல்லாரும் போனை எடுத்துப்போகலாமா என்று பேசிப் பார்த்தோம். கேட் பக்கம் கொடுத்துவைக்க ஒரு பெட்டிக்கடைகூட இல்லை, சோதனையில் அகப்பட்டால் வேலை போய்விடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் பிள்ளைதான் வளர்ந்து பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாளே. அதனால் நான் எடுத்துப்போகப்போகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, கணினியையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. வயிறெரிந்து எழுதினாலும் வாழ்த்தாமல் முடிக்க எனக்கு வரவில்லை, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் விடிவதற்கு முன் உன் கணினியில் பாலத்துப் பக்கம் ஒரே ஒரு புள்ளி மெதுவாக நகர்ந்தால், ஏதோ பிழை என்று அழித்துவிடாதே. அது நான். என்கூட மற்றவர்களும் நடக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா